வேலிக்கு மேலால் நீட்டிய போன்

முகைதீன்பாவாவின் கடைக்குள் நான் ஏறியபோது காலை பத்து மணி இருக்கும். தொண்ணூற்றேழாம் ஆண்டு, புரட்டாதி மாதத்து வெயில். அரபு நாட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கொண்டுவருகிற சாமான்களை வாங்கி விற்கிற கடை அது. காத்தான்குடியில் அப்படி நாலைந்து கடைகள் இருந்தன. போர்வை, இஸ்திரிப் பெட்டி, ரேடியோ, அத்தர்ப் போத்தல் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும். உள்ளே போனால் புதுப் பிளாஸ்ரிக் மணமும் அத்தர் மணமும் சேர்ந்து தலையை இடிக்கும்.

“வாங்க சில்வெஸ்டர் சேர். கச்சேரியால பென்சன் எடுத்தித்தீங்களாமே?”

“எடுத்தாச்சு. வயரில்லாத போன் ஒண்டு வேணும் பாவா.”

“மெடத்துக்கா?”

“ஒழுங்கைக்கு,” என்றேன். அவர் சிரித்தார். நான் பகிடி விடவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

மூன்று போன்களை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். முதலாவது கறுப்பு. ஏரியலை இழுத்தால் முழங்கை நீளத்துக்கு வந்தது. ரெண்டு மைல் தூரம் எடுக்கும் என்றார். சொல்லிவிட்டு அவரே அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

“இத உங்களுக்குத் தரமாட்டன் சேர். இதக் கையில வெச்சித்து வளவுக்குள்ள நிண்டீங்களெண்டா, றோந்து போறவன் வோக்கி எண்டுதான் நினைப்பான். மறுகா உங்களுக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல்.”

இரண்டாவது வெள்ளை. கடை லைனில் மாட்டிப் பார்த்தோம். காதில் வைத்தால் இரைச்சல்தான் கேட்டது, ஆள் பேசுவது கேட்கவில்லை. மூன்றாவது சாம்பல் நிறம். ஏரியல் கட்டை, றப்பர். நூறு மீற்றர் எடுக்கும். பத்துச் சனல். பக்கத்து வீட்டுக்காரரின் பேச்சு நடுவில் வந்து விழுந்தால் ஒரு பட்டனை அமத்தினால் போதும், சனல் மாறும். ஒருமுறை நிறையச் சார்ஜ் ஏற்றினால் கூடிப்போனால் ஏழு நாள், ஒரு கிழமை தாங்கும் என்றார்.

“கரண்ட் போனா?”

“கரண்ட் போனா இது செத்த சாமான்தான் சேர். பழைய போனையும் கழட்டாம வெச்சிருங்க.”

சாம்பல் நிறத்தையே எடுத்தேன். கையில் பாரமாக, நல்ல சாமானாகத் தெரிந்தது.

கல்லடிப் பாலத்துச் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னான். வயது இருபது இருக்காத ஆமிக்காரன். போனை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். வோக்கி டோக்கியா என்று சிங்களத்தில் கேட்டான். “நே மாத்தயா, கெதர டெலிபோன்,” இல்லை ஐயா, வீட்டுப் போன் என்று சொல்லி, தயாராய்க் கொண்டுபோயிருந்த டெலிபோன் பில்லைக் காட்டினேன். அவன் பில்லைப் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்தான். பற்றறி ஏற்றாத, எதிலும் மாட்டாத போன். அதைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அசையாமல் நின்றான்.

பிறகு, “கவுத மே கேணி?” என்று கேட்டான்.

யார் இந்தப் பொம்பிளை என்று அர்த்தம். பகிடிதான் விடுகிறான் என்று நானும் சிரித்துவைத்தேன். ஆமிக்காரன் பகிடி விட்டால் சிரிக்காமல் இருக்க முடியுமா? அவன் சிரிக்கவில்லை. போனைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். போகச் சொல்லித் தலையை ஆட்டினான்.

எங்கள் ஒழுங்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். புளியந்தீவில், வாவியில் போய் முடிகிற ஒரு சின்ன ஒழுங்கை. ஏழு வீடுகள். போன் இருந்தது என் வீட்டில் மட்டும்தான். மாவட்ட அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் காணிப் பகுதியில் இருந்தபடியால் கிடைத்தது. ஒழுங்கையிலிருந்து நாலு பெண்பிள்ளைகள் அரபு நாடுகளில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். அந்த நாலு வீட்டுக்கும் என் போன்தான் போன். வெள்ளிக்கிழமை அங்கே லீவு நாள், எசமானர்கள் வெளியில் போவார்கள், அதனால் வெள்ளி பின்னேரம் கோல் வரும். “அம்மாவக் கூப்பிடுங்க அன்ரி, பத்து நிமிசத்தில திருப்பி எடுக்கிறன்” என்று வைத்துவிடுவார்கள். என் மனைவி செசீலியா ஓடிப்போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவாள். வருகிறவர்கள் ஈரக் கையோடு வந்து கதிரையில் இருந்து அழுவார்கள். கோல் முடிந்த பிறகும் போகமாட்டார்கள். மகள் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து செசீலியாவுக்குச் சொல்லி இன்னொருதரம் அழுவார்கள்.

எனக்கு அது பிடிக்காது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. முப்பத்தைந்து வருடம் கந்தோரில் சனத்தின் முறைப்பாட்டைக் கேட்டவன், வீட்டிலாவது வாய் மூடிக் கிடக்கவேண்டும் என்று நினைத்தேன்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் செசீலியா கிணற்றடியில் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஆள் கூப்பிடுகிற வேலை என் தலையில் விழுந்தது. கடைசி மூன்று மாதம் அவள் சொல்லிச் சொல்லித்தான் இந்த வயரில்லாத போன். இருந்த இடத்திலிருந்து வேலிக்கு மேலால் நீட்டினால் போதுமே, நீங்களும் நடக்கத் தேவையில்லை, அவங்களும் வரத் தேவையில்லை என்றாள்.

பதினாறு மணித்தியாலம் சார்ஜில் போட்டு எடுத்தோம். முதல் கிழமை ஒழுங்கைக்கே திருவிழாதான். கிடுகு வேலிக்கு மேலால் நான் போனை நீட்ட, அந்தப் பக்கத்தில் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு வளவுக்குள் நடந்து நடந்து கதைத்தார்கள். எதிர்வீட்டு இரத்தினம்மா கோழிக்குத் தீன் போட்டபடியே கட்டாரோடு கதைத்தாள். எல்லாரும் என்னை நல்ல மனிசன் என்றார்கள்.

பக்கத்து வளவு அன்னப்பூரணி மட்டும் வேலியோரம் வரவில்லை. அவளுக்கு இனிக் கோல் வராது.

அன்னப்பூரணியின் புருசனைத் தொண்ணூறில் ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அவள் மா இடித்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து ஒரே மகளை வளர்த்தாள். கண்ணகை என்று பேர். கறுத்த, ஒல்லியான பிள்ளை, கோபம் வந்தால் மூக்கு விடைக்கும். இருபத்திரண்டு வயதில் வீட்டு வேலைக்கென்று போனாள். ஆடி மாதம் பெட்டியில் வந்தாள். மாடியிலிருந்து விழுந்தாள் என்று கடுதாசியில் இருந்தது. பெட்டியைத் திறக்கவேண்டாம் என்றும் இருந்தது. திறக்கவில்லை.

நான் செய்ததை இனிச் சொல்லத்தான் வேண்டும்.

பெட்டி வருவதற்கு ஏழெட்டுக் கிழமைக்கு முதல், வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணி. ரேடியோவில் கிரிக்கெட் போய்க்கொண்டிருந்தது. செசீலியா காலை நீட்டிப் படுத்திருந்தாள். போன் அடித்தது. எடுத்தேன். முதலில் தண்ணீர் விழுகிற சத்தம்தான் கேட்டது.

“அங்கிள், நான் கண்ணகை. அம்மாவ ஒருக்காக் கூப்பிடுங்க. திருப்பி எடுக்க ஏலாது, வைக்காமக் கூப்பிடுங்க. மெடத்திட வயரில்லாத போன ஒளிச்சிக் கொண்டந்து குளிக்கிற அறைக்குள்ள நிக்கிறன். அஞ்சி நிமிசம்தான்.”

வயரில்லாத போன் என்று ஒன்று இருப்பதை நான் முதன்முதலில் அவள் வாயால்தான் கேட்டேன்.

“பொறு,” என்று சொல்லி றிசீவரை மேசையில் வைத்தேன். கதிரைக்குத் திரும்பிப் போனேன். எழும்பி, சறத்தைச் சரிக்கட்டி, படலையைத் திறந்து, சுற்றிக்கொண்டு அன்னப்பூரணியின் வளவுக்குள் போய், அவளைக் கூட்டிவந்து, அவள் அழுவதைக் கேட்டு... கடைசி மூன்று ஓவர் வேறு. இரண்டு நிமிடம் அப்படியே இருந்தேன். பிறகு றிசீவரை எடுத்து, போய் வந்தவன் மாதிரி கொஞ்சம் மூச்சு வாங்கி, “அம்மா வீட்ட இல்ல மகள். மாமாங்கம் கோயிலுக்குப் போயிட்டாவாம்,” என்றேன்.

அந்தப் பக்கத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

“சரி அங்கிள்,” என்றாள். வைத்துவிட்டாள்.

அவள் எடுத்ததை அன்னப்பூரணிக்குச் சொல்லவும் இல்லை. மறந்துபோனேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் சொன்ன பொய் ஒருவருக்கும் தெரியாது. அது தெரியாமலே நான் செத்துப்போகவேண்டும் என்பதுதான் பெட்டி வந்த நாளிலிருந்து எனக்கிருந்த ஒரே ஆசை.

புதுப் போன் வந்த இரண்டாம் வெள்ளிக்கிழமை மத்தியானமே கரண்ட் போய்விட்டது. செசீலியாவைக் கோயில் ஆட்கள் ஓட்டோவில் நவநாள் செபத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். நான் பின்வளவில் முருங்கை மரத்தடியில் கதிரை போட்டு இருந்தேன். யாரோ கதைத்துவிட்டு வைத்த போன் பக்கத்து முக்காலியில் கிடந்தது. வெயில் சாய்ந்துவிட்டது. வாவியிலிருந்து காற்று இல்லை. காகம்கூடக் கத்தவில்லை.

போன் அடித்தது.

எடுக்கும்வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை. பட்டனை அமத்திக் காதில் வைத்த பிறகுதான் கரண்ட் இல்லை என்பது ஞாபகம் வந்தது. ஜன்னலுக்குள்ளால் பார்த்தேன். போன் நிற்கிற அடித்தட்டு இருட்டாய்க் கிடந்தது. மேசையிலிருந்த பழைய போன் அடிக்கவில்லை. கையிலிருந்த இது மட்டும் அடித்திருக்கிறது.

தண்ணீர்ச் சத்தம். பைப்பை முழுக்கத் திறந்துவிட்டு, அது மாபிள் தரையில் விழுகிற சத்தம்.

காதுக்குள்ளால் ஒரு மணம் வந்தது. வாசனைச் சோப்பின் மணம். அதற்கு அடியில் பூட்டிக் கிடந்த அறையின் ஊத்தைத் தண்ணீர் மணம்.

“அங்கிள், நான் கண்ணகை.”

கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன்.

“அம்மாவ ஒருக்காக் கூப்பிடுங்க. அஞ்சி நிமிசம்தான்.”

செத்தவள் கேட்கிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் பத்து எட்டில் தாய் நிற்கிறாள். இனிமேல் எனக்கு என்ன போகப்போகிறது? கையை நீட்டினால் போதும். நீட்டினால் தாயும் மகளும் கதைப்பார்கள். கதைத்தால் வைகாசி மாதத்துக் கதையும் வரும். அந்த ஒரு நொடியில் இவ்வளவும் யோசித்தேன். கந்தோர்ப் புத்தி, எந்தப் பயத்திலும் வேலை செய்யும்.

“அம்மா வீட்ட இல்ல மகள்,” என்றேன்.

சொல்லி முடித்தபோது என் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

அவள் வைக்கவில்லை. தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதற்குள்ளால், தூரத்தில், யாரோ மரக் கதவில் விரலால் தட்டினார்கள். ஒருதரம். இரண்டுதரம். பிறகு போன் செத்துப்போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை கரண்ட் இருந்தது. நாலு மணிக்கு அடித்தது. நான் பேசவே இல்லை. சனல் மாற்றுகிற பட்டனை அமத்தினேன். தண்ணீர். திரும்ப அமத்தினேன். தண்ணீர். பத்துச் சனலிலும் அதே தண்ணீர், அதே குரல், விட்ட இடத்திலிருந்து. “அங்கிள்... அம்மாவக் கூப்பிடுங்க... அங்கிள்...” கதவில் இப்போது விரலால் தட்டவில்லை. கையைப் பொத்திக் குத்தினார்கள். ஒரு பொம்பிளை அரபில் கத்தினாள். கண்ணகை குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அங்கிள், கெதியா.”

போனைக் கதிரையில் போட்டு மேலே தலையணையை வைத்து அமத்தினேன். தலையணைக்குள்ளாலும் குத்துகிற சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை போனைத் தூக்கிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். வேறு ஆட்களின் பேச்சு வந்து விழுகிறது, மாற்றித் தாருங்கள் என்றேன். முகைதீன்பாவா கடை லைனில் மாட்டிப் பார்த்தார். சாமான் நன்றாக இருந்தது.

“சனல் மாத்திப் பாத்தீங்களா சேர்?”

“பத்தும் மாத்திட்டன்.”

“பத்துலயும் ஒரே ஆளா?”

“ஓம்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு போனைத் துணியால் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து என் பக்கம் தள்ளினார்.

“அப்ப அது வேற ஆரிடையும் பேச்சு விழுகிறது இல்ல சேர். உங்களுக்கு வாற கோல்தான் அது. கோல எடுங்க. எடுத்து, கேக்கிறதக் குடுங்க.”

அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அந்தக் கிழமை முழுக்க நான் நித்திரை கொள்ளவில்லை. அந்தக் கோல் ஒவ்வொரு வெள்ளியும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குப் போகிறது என்பது எனக்கு விளங்கிவிட்டது. முதலில் தட்டினார்கள், பிறகு குத்தினார்கள். அடுத்ததாகக் கதவு உடையும். உடைந்த பிறகு என்ன நடந்ததென்று கடுதாசியில் எழுதியிருந்தார்கள். அதை நான் காதால் கேட்கவேண்டி வரும். அவள் கடைசியாகக் கூப்பிடுகிற பேர் என்னுடையதாய் இருக்கும். “அங்கிள்” என்று கூப்பிட்டுக்கொண்டே போவாள். அதை என்னால் தாங்க ஏலாது. எனக்கு இரக்கம் வந்தது என்று யாரும் நினைக்கவேண்டாம். பயம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போன் அடித்தபோது நான் பின்வளவில் அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன்.

“அங்கிள்—”

அவள் குரலுக்குப் பின்னால் மரம் பிளக்கிற சத்தம்.

வேலிக்கு ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில் அப்படி ஓடியிருக்கிறேன். அங்கால் உரலில் உலக்கை விழுந்துகொண்டிருந்தது.

“அன்னப்பூரணி! அன்னப்பூரணி!”

உலக்கை நின்றது. அவள் வேலியோரம் வந்தாள். முழங்கைவரை மா. முகத்தில் ஒன்றும் இல்லை. பெட்டி வந்த பிறகு அவள் முகத்தில் ஒன்றும் இருப்பதில்லை.

“என்ன அண்ணன்?”

“கோல்... உங்களுக்கு.”

“எனக்கு இனி ஆரு எடுக்கிற?”

வேலிக்கு மேலால் போனை நீட்டினேன். அவள் கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். துடைத்தும் போகாத மா போனில் வெள்ளையாய்ப் பதிந்தது. காதில் வைத்தாள்.

கத்துவாள், மயங்கி விழுவாள் என்று நினைத்தேன். அவள் உரலடிக்குப் போய் நிலத்தில் இருந்தாள். காலை நீட்டி, வசதியாக, ஆறுதலாக இருந்தாள்.

“ஓம் மகள்,” என்றாள். “நான்தான். சொல்லு.”

குத்துகிற சத்தம் நான் நின்ற இடத்துக்கே கேட்டது. அவள் அதைக் கணக்கெடுக்கவில்லை.

“அழாத புள்ள. தண்ணி ஓடட்டும், பூட்டாத. கதவத் திறக்காத. அம்மா இஞ்சதான் இரிக்கன். நீ கதை.”

குத்துகிற சத்தம் குறைந்தது. பிறகு நின்றே போனது. கண்ணகையின் குரல் மட்டும் மெல்லிதாக வந்துகொண்டிருந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அன்னப்பூரணி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். நடுவில் ஒருதரம், “எப்ப?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “வைகாசியிலயா?” என்றாள்.

பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

“அண்ணன், இவள் வைகாசியில எடுத்த அண்டைக்கு நான் மாமாங்கத்துக்குப் போகல்ல.”

வேலித் தடியைப் பிடித்துக்கொண்டேன்.

“இதே உரலடியிலதான் நிண்டு இடிச்சன். உங்கட வீட்டுக்கு உலக்கைச் சத்தம் கேக்காதா?”

கேட்கும். அன்றைக்கும் கேட்டது. றிசீவரை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்த அந்த இரண்டு நிமிடமும் கேட்டது. மேலே எழுதும்போது அதை மட்டும் விட்டுவிட்டேன்.

எனக்குப் பின்னால் கதவு கிரீச்சிட்டது. செசீலியா தடியை ஊன்றிக்கொண்டு நின்றாள். கோல் வந்த சத்தத்துக்கு எழும்பி வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“உங்களுக்குப் போக அலுப்பெண்டா என்னட்டச் சொல்லியிருக்கலாமே,” என்றாள். “நான் தவண்டெண்டாலும் போயிருப்பேனே.”

முப்பது வருடம் என்னோடு வாழ்ந்தவள். அதற்குப் பிறகு சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதைத் தவிர என்னோடு அதிகம் கதைத்ததில்லை.

போனை அன்னப்பூரணி திருப்பித் தரவில்லை. சீலைத் தலைப்பால் மூடி உள்ளே கொண்டுபோனாள். கேட்க எனக்கு முகம் இல்லை. அவள் வீட்டில் கரண்ட் இல்லை, சார்ஜ் போட வழியும் இல்லை, கிழமை முடிய முதல் பற்றறி இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். என் வீட்டிலிருந்த அடித்தட்டையும் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவள் வீட்டுக்குள் போன் அடித்தது. “ஓம் மகள்” என்று எடுத்தாள்.

அதற்கடுத்த வெள்ளியும்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளத்தில் கம்பமொன்று சாய்ந்து எங்கள் பக்கத்து லைன் எல்லாம் செத்துப்போனது. வழியில் கண்ணிவெடி என்று கதை வந்ததால் திருத்துகிறவர்களும் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் என் மேசையிலிருந்த போனைத் தூக்கினால் மண் மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பக்கத்து வீட்டில் மட்டும் மழைக்குள்ளால் மணி அடிக்கும். அன்னப்பூரணி கதைப்பது கேட்கும். அரிசி ஊறவைத்த கதை, கோழி அடைகாத்த கதை. ஒருநாள் அவள் சிரித்தாள். ஆடிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துக் கேட்டேன்.

அந்தச் சிரிப்பு என்னை என்னவோ செய்தது. குடையைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனேன். படலையைத் திறந்து, அந்த வளவுக்குள் சேற்றில் கால் வைத்து, அவள் வீட்டுப் படியில் போய் நின்றேன். வைகாசியில் நடந்திருக்கவேண்டிய அதே தூரம். எண்ணிப் பார்த்தேன். எழுபத்தொரு எட்டு.

அவள் பாயில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தாள். போனில் ஒரு வெளிச்சமும் இல்லை. வீடு முழுக்கச் சோப்பு மணம்.

“அன்னப்பூரணி,” என்றேன். “ஒருக்கா நான் அவளோட கதைக்கட்டா? ஒரு நிமிசம் போதும். மன்னிப்புக் கேக்கணும்.”

அழுதேன். என் வீட்டுக் கதிரையில் இருந்து சனம் அழுததைப் போலவே மூக்கொழுக அழுதேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு போனில், “மகள், சில்வெஸ்டர் அண்ணன் வந்து நிக்கார். உன்னோட கதைக்கணுமாம்,” என்றாள். அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டாள். நிறைய நேரம் எடுக்கவில்லை.

“அவளுக்கு உங்களோட கதைக்க ஒண்டும் இல்லயாம் அண்ணன்.”

அதில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி இருந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து கோழிக் கதையைத் தொடர்ந்தாள். நான் மழைக்குள் இறங்கி வந்தேன். குடையைக் கொண்டுவர மறந்துபோனேன்.

தை மாதம் அன்னப்பூரணிக்குக் காய்ச்சல் கண்டது. கிரானிலிருந்து அவளுடைய தமையன் கோணாமலை வந்து கூட்டிப்போனான். பத்து நாளில் அவள் செத்துப்போன செய்தி வந்தது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து அவன் வீட்டைப் பூட்ட வந்தபோது போனைக் கொண்டுவந்து என்னிடம் தந்தான்.

“இது உங்கட சாமானாமே. பாய்க்குள்ள சுத்தி வெச்சிருந்தா.”

பின்மூடியைக் கழற்றினேன். பற்றறி இல்லை. பற்றறி இருக்கவேண்டிய குழிக்குள் அரிசிமா இறுகிப்போய் இருந்தது. அவள் பற்றறியை எப்போது கழற்றினாள் என்று கோணாமலைக்குத் தெரியாது. நான் போனை அலுமாரிக்குள், அடித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன்.

பக்கத்து வீட்டில் இப்போது ஒருவரும் இல்லை. கதவில் கோணாமலையின் பூட்டுத் தொங்குகிறது. முற்றத்தில் புல் முழங்காலுக்கு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு உள்ளே மணி அடிக்கும். இரண்டாம் மணியோடு நிற்கும், யாரோ எடுத்த மாதிரி. பிறகு பெண்கள் கதைக்கிற சத்தம் கேட்கும். ஒரு குரல் இல்லை, இரண்டு குரல். செசீலியாவுக்கும் கேட்கிறது. அவள் செபமாலையை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விடுவாள்.

நான் வேலியோரம் போய் நிற்பேன். கிடுகில் காதை வைத்துக் கேட்பேன். மா, அரிசி, மழை, பழைய ஆட்களின் கதை, நடுவில் சிரிப்பு. என்னைப் பற்றி ஒரு ஏச்சாவது வரட்டும், ஒரு சாபமாவது விடட்டும் என்று காத்துக்கொண்டு நிற்பேன்.

இன்றுவரைக்கும் என் பேரை அவர்கள் எடுக்கவில்லை.